பாய்லர் குழாயில் அடைத்த துணி

1. மே மாதம்

அபுதாபி பக்கம் அல் ஐனில் டிசம்பரில் குளிரும். ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்ப வேண்டாம். இங்கே சில பெரிய வில்லாக்களில் கேஸ் பாய்லர் இருக்கிறது. அது தண்ணீரைச் சூடாக்கி ஒவ்வொரு அறையிலும் உள்ள ரேடியேட்டருக்கு அனுப்பும். வருடத்தில் இரண்டு மாதம் ஓடும். மற்ற பத்து மாதம் தூசி தின்னும். மெயின்டனன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன்.

குளிர்காலத்துக்கு பாய்லரைத் தயார் செய்வது நவம்பர் வேலை என்று மேனேஜர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் மாடி ஏறியதில்லை. அந்த வேலை மே மாதத்திலேயே தொடங்கிவிடும். கேஸ் வால்வை மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போய், புகைக்குழாயின் வாயில் பழைய துணியைத் திணித்து, மேலே ஃபாயில் டேப் சுற்றுவோம். சுற்றாவிட்டால் மணலும் மைனாவும் உள்ளே போய்விடும். எந்த மேனுவலிலும் இது கிடையாது. நாங்கள் எல்லாரும் செய்வோம். அடைத்தவன் பாய்லர் சுவிட்சில் சிவப்புத் துணி ஒன்று கட்டிவிட்டு வர வேண்டும். நவம்பரில் வருகிறவன் அதைப் பார்த்து மாடி ஏறி அடைப்பை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த வருடம் ஒரு வில்லாவில் குழாயை அடைத்தேன். சிவப்புத் துணி கட்டவில்லை. வண்டியில் தீர்ந்துபோயிருந்தது. நவம்பரில் நான்தானே வரப்போகிறேன் என்று இருந்துவிட்டேன்.

2. டிக்

நவம்பரில் நான் வரவில்லை. லீவில் தூத்துக்குடி போன இடத்தில் குடலிறக்க ஆபரேஷன். திரும்பி டூட்டியில் சேர்ந்தது டிசம்பரில். முதல் நாள் காலையிலேயே சூப்பர்வைசர் பாஸ்கரன் கூப்பிட்டான். பட்டுக்கோட்டைக்காரன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன்.

"அண்ணே, அந்த வில்லாவுல பாய்லர் போட்டு மூணு நாளாச்சு, சூடு பத்தலையாம். மேடத்தோட பேரப்புள்ளைங்க இன்னிக்கு வருதாம். நைட்டு ஃபுல்லா ஓடணுங்குறாங்க. செட் பண்ணிட்டு வந்துருங்க."

"சர்வீஸ் பண்ணது யாரு?"

"எல்லாம் ஓகேண்ணே. செக்லிஸ்ட்ல டிக் போட்டிருக்கு."

செக்லிஸ்டில் பதினெட்டு வரி. புகைக்குழாய் பதினோராவது வரி. அதிலும் டிக் இருந்தது. ஏசி போட்ட வண்டிக்குள் உட்கார்ந்து போட்ட டிக். பதினெட்டும் ஒரே சாய்வில் இருந்தன.

3. பனடால்

பாய்லர் அறைக்குச் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே வேலை செய்த ரஞ்சினி மட்டக்களப்புப் பெண். என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"அண்ணன், பனடால் இருக்கா?"

"ஏன், காய்ச்சலா?"

"இல்லை. மூணு நாளா விடிய எழும்பினா தலை இடிக்குது, சத்தி வாற மாதிரி. மேடம் பனடால் தந்தவ, டிரைவரும் தந்தவர். எல்லாம் முடிஞ்சுது."

"குளிருல்லா, தலைவலி வாந்தியெல்லாம் அப்படித்தான் வரும்."

"என்ன குளிரோ. இஞ்ச குசினிக்கு வந்து ஒரு மணித்தியாலத்தில சுகமாகிடுது. ரூமுக்குப் போனா திரும்பத் தொடங்குது."

பையிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். மறைத்துப் பிரயோஜனமில்லை. நானும்தான் கொடுத்தேன்.

பாய்லர் அறையைத் திறந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தது. முன்பக்கத் தகட்டில் கரி. புகை திரும்பி வந்தால் பாய்லரை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று எவனோ ஒருவன் வயர் போட்டு அதை பைபாஸ் செய்திருந்தான். பக்கத்துச் சுவரில் ஏசி பைப்புக்காகப் போட்ட ஓட்டை, பூசாமல் விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ரஞ்சினியின் கட்டில்.

கேஸை மூடினேன். மாடிக்கு ஓடினேன். ஆபரேஷன் செய்த இடம் வலித்தது. குழாயில் ஃபாயில் டேப் அப்படியே இருந்தது. பிரிக்க வசதியாக டேப்பின் நுனியை மடித்து ஒட்டுவது என் பழக்கம். நுனி மடித்திருந்தது.

வெளியே போக வேண்டிய புகை, வாடையே தெரியாத கார்பன் மோனாக்சைடு, மூன்று இரவுகளாக அந்தப் பெண்ணின் அறைக்குப் போயிருக்கிறது. இதுவரை டைமர் வைத்து ராத்திரிக்கு இரண்டு மணி நேரம்தான் ஓடியது. அதனால் தலைவலியோடு போயிற்று. அன்றைக்கு இரவு முழுக்க ஓட்டியிருந்தால் அவள் எழுந்திருக்கமாட்டாள்.

பாஸ்கரனுக்குப் போன் போட்டேன்.

"இந்த பாய்லர் இன்னிக்கு ஓடாது."

"அண்ணே, மேடம் சத்தம் போடும்."

"அப்போ ஓட்டு. ராத்திரி நீ வந்து அந்தப் பிள்ளை ரூம்ல படு."

விஷயத்தைச் சொன்னேன்.

"யாருண்ணே அடைச்சது?"

"நான்தான்."

"வெளிய சொல்லாதீங்க. ரிப்போர்ட்ல மைனாக் கூடுன்னு போட்டுர்றேன்."

"மைனா ஃபாயில் டேப் சுத்துமால? துணின்னு போடு. என் பேரையும் போடு."

போட்டான். எனக்கு வார்னிங் லெட்டர் வந்தது. வண்டியில் உட்கார்ந்து டிக் போட்டவனுக்கும் வந்தது. சரிதான்.

மேடம் ரஞ்சினியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரத்தம் எடுத்துப் பார்த்து, சாயங்காலம் வரை ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் சுவர் ஓட்டையைப் பூசப் போனபோது அவளிடம் நடந்ததைச் சொன்னேன். குழாயை அடைத்தது நான்தான் என்றும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கோபப்படவில்லை.

"பாய்லர் வேலை உங்கட வேலைதானே அண்ணன்?"

"ஆமா."

"ரூமுக்குப் போனாத்தான் தலை இடிக்குதெண்டு நான் சொன்னனே. பிறகு ஏன் எனக்குப் பனடால் தந்தீங்க?"

ஓட்டையைப் பூசிவிட்டு வந்தேன்.

4. கைப்பிடி

அதற்குப் பிறகு நான் சிவப்புத் துணி கட்டியதே இல்லை. மே மாதம் கேஸ் வால்வை மூடியதும் அதன் கைப்பிடியைக் கழற்றுவேன். ஒரே நட்டுதான். அதைத் துணிக்குள் சுருட்டி, அந்தத் துணியையே புகைக்குழாயில் திணிப்பேன். நவம்பரில் பாய்லரைப் போட நினைப்பவனுக்குக் கைப்பிடி வேண்டும். கைப்பிடி வேண்டுமென்றால் மாடி ஏறி அடைப்பைப் பிடுங்க வேண்டும். வண்டியில் உட்கார்ந்து டிக் போடலாம், பாய்லர் எரியாது.

பிளையர் வைத்தே வால்வைத் திறந்துவிடலாமே என்று ஒருவன் கேட்டான். திறக்கலாம். அவனை நான் என் வண்டியில் ஹெல்ப்பராக வைத்துக்கொள்ளவில்லை.

பனடால் இப்போதும் பையில் இருக்கிறது. யாராவது கேட்டால், எந்த ரூமில் படுக்கிறாய் என்று முதலில் கேட்பேன். மாத்திரை அப்புறம்.