தோள் கிழிந்த நைட்டி

எங்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் மாமா ஓடுவார். கையில் கோப்பி கிளாஸ் இருந்தாலும் ஓடுவார், வாயில் பிஸ்கட் இருந்தாலும் ஓடுவார். உள்ளறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கால்சட்டையும் டீசட்டையுமாக, அப்போதுதான் தூங்கி எழுந்தவர்போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவார். ஓடும்போது அவர் போட்டிருப்பது அம்மாவின் பழைய நைட்டி. நீலத்தில் வெள்ளைப் பூப்போட்டது. இடது தோளில் தையல் விட்டு, நாலு விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. கிழிந்த துணியோடு ஆட்கள் முன்னால் நிற்க வெட்கப்பட்டுத்தான் மாமா ஓடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.

மாமா அம்மாவின் தம்பி. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்ததால், சுங்கை பினாங் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் நாங்கள் மூன்று பேர்தான். மாமாவுக்குக் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. சாயங்காலம் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வீட்டுக்கு வருவார். தொழிற்சாலைச் சட்டையோடு இருக்கும் மாமாவிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது, எரிந்து விழுவார். குளித்துவிட்டு நைட்டிக்குள் புகுந்துவிட்டால் வேறு ஆள். முக்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "கொண்டா கணக்குப் பொஸ்தகத்த" என்பார். வகுத்தல் கணக்கை எனக்குப் புரியவைத்தது அந்த நைட்டி மாமாதான். பள்ளியில் ஆசிரியை மூன்று வாரம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் என் மண்டையில் ஏறாத கணக்கு அது.

அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைப்பாள். எங்கள் அடுக்குமாடியில் பாதிப் பெண்களின் தோள் அளவு அவளுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவள் கண்ணில் அந்தக் கிழிசல் மட்டும் ஏன் படவில்லை என்று நான் கேட்டதே இல்லை. என் வாய்க்கு அது ஓர் அதிசயம்தான். அம்மா எனக்கு வைத்திருந்த பெயர் ஓட்டவாய்.

இனி பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டர்வொர்த் பாக்கியம் வருடத்துக்கு ஒருமுறை, எங்கள் குடியிருப்பின் பொங்கல் ஒன்றுகூடலுக்கு வருவாள். கீழே இருக்கும் பொது மண்டபத்தை டேவான் என்போம். கோலப் போட்டி, உறியடி எல்லாம் முடிந்து லக்கி ட்ராவுக்குக் கொஞ்சம் முன்னால், டேவானின் பின்வாசல் வழியாகக் கனகாம்பர நிறச் சேலையில், இரண்டு கையிலும் சந்தைக்குப் போகும் பாசார் பைகளோடு, "அலாமா! ஃபெரில என்னா கூட்டம்!" என்று மூச்சு வாங்கிக்கொண்டு நுழைவாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பினாங்குக்கு வந்தவள், ஒவ்வொரு வருடமும் வழி தவறிவிடுவாள். வழி சொல்வது பிள்ளைகளின் வேலை. நாங்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வோம். அவளும் நம்பிப் போய் லக்கி ட்ரா மேசையில் முட்டிக்கொள்வாள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களை எழுப்பி, "சோறு வடிக்கத் தெரியுமா? துணி காயப்போடத் தெரியுமா? தெரியாதா? அப்பறம் என்னாத்துக்குலா ஒனக்குப் பொண்ணு?" என்று விரட்டுவாள். பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கடைசியில் ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டு, "நேரமாச்சு, யாரு என்னைய ஃபெரிக்கு ஏத்திவிடறது?" என்பாள். பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வாசல்வரை போய்க் கையாட்டிவிட்டு வருவோம்.

பாக்கியம் என் மாமாதான் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் ரவிக்கையைத் தைப்பது அம்மா. ஜரிகைக் கரை வைத்து, கை அளவு பார்த்துப் பார்த்துத் தைப்பாள். "என் தம்பி ஆட்டத்துக்கு" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகக் காட்டுவாள். அந்த ரவிக்கைக்கு அவ்வளவு கவனம். நைட்டிக்கு ஓர் ஊசி நூல் கிடையாது.

அந்த வருடம் பிரச்சனை டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. பள்ளி விடுமுறையில் நாங்கள் பிள்ளைகள் எல்லாம் மாடி நடைபாதையில் பாக்கியம் விளையாட்டு விளையாடினோம். துண்டைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு வழி தவற வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. எங்களில் அச்சு அசலாக நடந்துகாட்டியவன் செயலாளர் அங்கிளின் ஆறு வயதுப் பேரன். அதை அங்கிள் பார்த்துவிட்டார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. லிஃப்ட் பழுதானால் எங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது அவர்தான். ஆனால் பேரனின் இடுப்பில் துண்டைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. பிள்ளைகள் பார்க்கும் மேடையில் பாக்கியம் வேண்டாம் என்று ஆளுக்கொரு பேச்சு கிளம்பி, கடைசியில் கூட்டம் போட்டுப் பேசி முடிவெடுப்பது என்றானது.

கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா என்னை முட்டை வாங்க அனுப்பினாள். வீட்டில் முட்டை இருந்தது. நான் போன பிறகு அம்மாவும் மாமாவும் பேசி வைத்துக்கொண்டதைப் பல வருடம் கழித்து அம்மாவே என்னிடம் சொன்னாள். மேடையில் மட்டும்தான், வெறும் வேஷம்தான், வீட்டில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடு, அதற்குமேல் வாயைத் திறக்காதே என்றிருக்கிறாள். மாமா சரி என்றிருக்கிறார். எல்லாம் பேசினார்கள், ஓட்டவாயிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க மட்டும் மறந்துவிட்டார்கள்.

டேவானில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். மாமா தொழிற்சாலையிலிருந்து நேராக, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து நின்றார்.

"தம்பி, ஒன் மேல எனக்குக் கோவமில்ல," என்று அங்கிள் ஆரம்பித்தார். "ஆனா புள்ளைங்க பாக்குதுங்க."

"பாக்கியம் கெட்ட வார்த்தை ஏதாச்சும் பேசினாளா அங்கிள்?"

"இல்ல."

"பொம்பளைங்கள அசிங்கமா காட்டினாளா?"

"சேச்சே, இல்ல."

"பின்ன என்னாலா? புள்ளைங்க சிரிச்சாங்க. அவ்ளோதான்."

"அதான் தம்பி பிரச்சனை. சிரிச்சா பிடிச்சிடும். என் பேரன் துண்டக் கட்டிக்கிட்டு நடக்கறான். நாளைக்கு அவன நாலு பேரு கிண்டல் பண்ணா யாரு பதில் சொல்றது?"

"கிண்டல் பண்றவங்கதான் அங்கிள் பதில் சொல்லணும். ஆம்பள சேல கட்டினா அவன அடிக்கணும், தொரத்தணும்னுதான் நாம புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம். பாக்கியம் வந்தா அதே புள்ளைங்க அவ கையப் பிடிச்சி வழி காட்டுதுங்க. அதுல கெட்டுப்போக என்னா இருக்கு?"

பின்வரிசையில் யாரோ கைதட்டப் போய், ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அங்கிளின் முகம் இளகியது. அவரும் ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. "சரி தம்பி. ஒன்னு மட்டும் சொல்லு. இது வேஷந்தான? மேடையோட சரிதான? அத நீ எல்லார் முன்னாலயும் சொல்லிடு. நான் பேப்பர்ல கையெழுத்து போட்டுடறேன், பாக்கியம் வரட்டும்."

அம்மா மாமாவைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். மாமா வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டு, கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தலையே வெடித்துவிடும்போல இருந்தது. பிள்ளைகள் கெட்டுப்போகும் என்கிறார்கள், கெட்டுப்போகாது என்பதற்கு நானே ஆதாரமாக உட்கார்ந்திருக்கிறேன், இந்த மாமா ஏன் என்னைக் காட்டாமல் விழிக்கிறார்? நாற்காலிமேல் ஏறி நின்றேன்.

"அங்கிள்! மாமா வீட்டுல தெனமும் நைட்டிதான் போடறாரு! நான் தெனமும் பாக்கறேன்! எனக்கு ஒன்னும் ஆகல! வகுத்தல் கணக்கே அதப் போட்டுக்கிட்டுதான் சொல்லிக் குடுத்தாரு! நான் கிளாஸ்ல ரெண்டாவது!"

இதைவிட நல்ல வாதம் இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் டேவானில் இருந்த அத்தனை தலைகளும் மாமா பக்கம் திரும்பின. அம்மா என்னைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, தொடையில் கிள்ளினாள். உயிர் போகும் கிள்ளு. "இது ஓட்டவாய் அங்கிள், கத கட்டும்," என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அங்கிளும் நல்ல மனிதர்தானே. "சின்னப் புள்ள, ஏதோ ஒளறுது. இல்லயா தம்பி?" என்று மாமாவிடம் கேட்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கிள்ளு வலித்ததற்கு அல்ல. நான் நூற்றுக்கு நூறு உண்மை பேசியிருக்கிறேன், நாற்பது பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்குகிறார்கள். "நான் பொய் சொல்றேனா? சொல்லுங்க மாமா!" என்று கத்தினேன்.

மாமா என்னைப் பார்த்தார். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"புள்ள பொய் சொல்லல அங்கிள். வீட்டுல அதான் போடுவேன். அப்பதான் எனக்கு நிம்மதியா இருக்கு." என் பக்கம் கையைக் காட்டி, "அவ ரெண்டாவது வந்ததும் உண்மதான்," என்றார்.

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது நினைவில் இல்லை. மாமா ஒப்புக்கொண்ட பெருமையில் நான் வேறு எதையும் கேட்கவில்லை. பாக்கியம் ஆடலாம், ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு வந்தது. அதை அங்கிள் எழுதும்போது மாமாவின் பக்கம் பார்க்கவே இல்லை.

"வேணாம் அங்கிள்," என்றார் மாமா. "பாக்கியத்துக்கு வழி தெரியாது. புள்ளைங்க இல்லாம அவ எப்படி ஃபெரிக்குப் போவா?"

வீட்டுக்கு வரும்போது அம்மா எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போனாள். நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் நல்லா பேசினேனா மாமா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா பேசின. இந்த அடுக்குமாடியில எவனும் அப்படிப் பேசினதில்ல." கீழே இருந்த கடையில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அன்று வீட்டில் எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசாமல் தையல் மெஷினை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து மாமா வீட்டுக்குள்கூடக் கால்சட்டையோடு இருந்தார். கணக்குச் சொல்லித்தரச் சொன்னால் அப்புறம் என்றார்.

பொங்கல் வந்தது. கோலப் போட்டி நடந்தது, உறியடி நடந்தது. பாக்கியம் வரும் நேரத்தில் யாரோ கரோக்கே பாடினார்கள். பிள்ளைகள் பின்வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். செயலாளர் அங்கிளின் பேரன் மட்டும் எழுந்து போய், வாசல் கதவைத் தள்ளி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

அடுத்த வாரம், ஒரு சாயங்காலம். மாமா குளித்துவிட்டு வந்து, ரொம்ப நாள் கழித்து, முக்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நைட்டியில் உட்கார்ந்திருந்தார். என் கணக்குப் புத்தகம் அவர் மடியில். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன், அவர் ஓடும்போது கீழே விழுந்துவிடுமே என்று. மாமா ஓடவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா, "யாருன்னு போய்ப் பாரு," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதித்தாள்.

மாமா எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே பக்கத்து வீட்டு அக்கா. காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்பவள். அவளுக்குப் பின்னால் மூன்று பெண்கள், அவர்களுக்குப் பின்னால் எங்கள் மாடிப் பிள்ளைகள். அக்கா மாமாவை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள்.

"தம்பி, அன்னிக்கு டேவான்ல நான் வாயத் தொறக்கல. தப்புதான். டேவான்ல வேணாம்னா வேணாம்லா, கீழ கார் நிறுத்தற எடத்துல நாங்க நாற்காலி போடறோம். ஞாயித்துக்கெழம காலைல பாக்கியத்த வரச் சொல்லு. புள்ளைங்க ஃபெரிக்கு ஏத்திவிட வந்து நிக்குதுங்க."

மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு அவருடைய இடது தோள் கண்ணில் பட்டது. கிழிசல் இல்லை. நீல நூலால், பூ பிசகாமல், ஜரிகை ரவிக்கைக்குப் போடும் அதே பொடித் தையலில் யாரோ தைத்திருந்தார்கள்.

ஓ, அதனால்தான் மாமா ஓடவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்த நாலு விரல் கிழிசலைத் தைக்க அம்மாவுக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறதே என்று எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.