தங்கச்சி அனுப்பிய சுறாக் கருவாடு

போடிமெட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிவரும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் எனக்கு வலப்பக்கமாக ஒரு பஸ் ஏறி வந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. ஜீப்பில் என் பின்னால் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாக்காதான் கத்தினார்.

“அப்பு, பஸ்சு! பஸ்சு வருதுய்யா!”

மிதித்து நிறுத்தினேன். ஏலத்தோட்டத்தில் காய் பறித்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள் வண்டி நிறைய இருந்தார்கள். எங்கள் ஊர் சிலமலை வந்து சேரும்வரை பேச்சியம்மாக்கா என் சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அதற்குச் சில மாதங்கள் முன்பே உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தடுமாறின. வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டேன். இப்படி ஏதாவது இருந்தால் நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

போடியில் பார்த்த மருத்துவர், செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தாக இருக்கும் என்றார். மலைக்குப் போய்வருகிற யாருக்கு என்ன வந்தாலும் எங்கள் பக்கம் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஜீப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். மலைப்பக்கமே போகாமலிருந்தும் நடை தள்ளாடியது. நாக்கு குழறியது. ‘குடித்துவிட்டு நிற்கிறான்’ என்று டீக்கடையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

மதுரையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். எனக்குப் பார்வைப்புலம் (நேரே பார்க்கும்போது பக்கங்களில் தெரியும் பரப்பு) சுருங்கிவிட்டது என்று அந்த அம்மா கண்டுபிடித்தார். பிறகு, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

“தினமும் என்ன சாப்பிடுவீங்க?”

என் மனைவி செல்விதான் பதில் சொன்னாள். “மத்தியானம் கருவாடு இல்லாட்டி இவருக்குச் சோறு எறங்காது டாக்டர். எனக்கு அந்த வாடையே ஆகாது. இவருக்கு மட்டுந்தான் வறுப்பேன். இவரு தங்கச்சி பஸ்சுல குடுத்துவிடும். சுறாக் கருவாடு.”

என் தங்கை ராசாத்தி பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஒருவரோடு பழகி, ஒரு துறைமுக ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவள் கணவர் சின்னப் படகுக்காரர். ஆழ்கடலுக்குப் போக அதில் முடியாது. ஆலைக் கழிவு வந்து விழும் துறைமுகத் தண்ணீரிலேயே வலை போடுவார். விற்றது போக மிஞ்சியதை ராசாத்தி உப்புப் போட்டுக் காயவைப்பாள். அதில் நல்லதாகப் பொறுக்கி எனக்கு அனுப்புவாள். பல வருஷமாக அனுப்பினாள்.

மருத்துவர் ரத்தம் எடுத்துச் சோதித்ததில், பாதரசம் (நரம்பைத் தின்னும் உலோகம்) மிக அதிகமாக இருந்தது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சின்ன மீனில் இருக்கும் பாதரசம் அதைத் தின்னும் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகும். கழுவினாலோ வறுத்தாலோ போகாது. கருவாடானால் தண்ணீர்தான் வற்றும், விஷம் அப்படியே இருக்கும்.

“எவ்வளவு வரைக்கும் சாப்பிடலாம் டாக்டர்?” என்று கேட்டேன்.

“உடம்பு எடையைப் பொறுத்து அளவு இருக்கு. நல்ல கடல்ல பிடிச்ச சுறாவையே எப்பவாவது கொஞ்சமாத்தான் சாப்பிடணும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொடக்கூடாது. நீங்க சொல்ற தண்ணியில பிடிச்சதுக்கு அளவுன்னு ஒண்ணு கிடையாது. வேண்டாம்னு மட்டும்தான் சொல்ல முடியும்.”

உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள் கொடுத்தார். மாதக்கணக்கில் சாப்பிட்டேன். ரத்தத்தில் பாதரசம் இறங்கியது. செல்வி கோயிலில் தேங்காய் உடைத்தாள். ஆனால் பார்வை விரியவில்லை. ரத்தம் சுத்தமாகிவிடும், செத்த நரம்பு திரும்பாது என்று மருத்துவர் சொன்னபோது, செல்வி என் கையை அழுத்திப் பிடித்திருந்தாள். பிடித்திருக்கிறாள் என்பது குனிந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ராசாத்திக்குப் போன் செய்தேன். “ஆத்தா, இனி அந்த மீனத் திங்காதீக. நீயும் மாப்பிள்ளையும் வெரசா ரத்தம் எடுத்துப் பாருங்க” என்றேன். நான் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு அழுதாள். “நானா விசத்த அனுப்புனேன்?” என்று வைத்துவிட்டாள். வெகுநாள் பேசவில்லை.

பிறகு ஒருநாள் தனியாக வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். செல்வி காப்பி கொடுத்தாள். ராசாத்தி டம்ளரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு குடித்தாள். நடுநடுவே உதட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

“உதடு என்னமோ பண்ணுதா?”

“ஒண்ணுமில்லண்ணே. வெயிலு.”

“மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரே ஒரு டெஸ்டுதான்.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “பாத்து? இருக்குன்னு சொல்லுவாக. திங்காதன்னு சொல்லுவாக. அந்த ஊருல எங்களுக்கு வேற என்னண்ணே இருக்கு? அவருக்கு அந்தத் தண்ணிதான் சோலி. சட்டியில விழுறதும் அதுதான்.”

“இங்க வந்துருங்க.”

“வந்து? அவரு மலையில காயி பறிப்பாரா?”

எனக்கே அங்கே இனி வேலை இல்லை. அளவைத் தெரிந்துகொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தட்டில் வேறு எதையாவது வைக்க முடிகிறவர்களுக்கு அது சரி. கருவாடு எந்தத் தண்ணீரிலிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது போலத்தான் எனக்கு எல்லாம் தெரிகிறது. செல்வி திடீரென்று முன்னால் நிற்பாள், ஒரு எட்டு நகர்ந்தால் இல்லாமல் போவாள். கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நடக்கிறேன். கிணற்றடிக்குப் போய்வருவதற்குள் காலைப்பொழுது முடிந்துவிடுகிறது. முன்பு அந்த நேரத்தில் மலையேறி இறங்கியிருப்பேன். குணமாவதற்காகக் காத்திருந்த நாட்களுக்கு ஒரு திசை இருந்தது. இந்த நாட்களுக்கு அது இல்லை.

ராசாத்தி தினமும் போன் செய்கிறாள். என்ன சொல்கிறாள் என்பதைவிட, எப்படிச் சொல்கிறாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று செல்வியின் பெயரைச் சொல்ல வந்து நாக்கு புரளாமல் நிறுத்தினாள். மறுபடி முயன்றாள். பிறகு சிரித்தாள்.

“சிக்னல் சரியில்லண்ணே.”

“ஆமா ஆத்தா” என்றேன். “எனக்கும் வெட்டி வெட்டித்தான் கேக்குது.”