மாமா சொன்ன நோய்

அத்தை நின்றுகொண்டே சாப்பிட்டதைத்தான் முதலில் கவனித்தேன். அப்பாவின் தங்கை அவள். சுரங்கக் கூலிகள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில், எங்களுக்கு அடுத்த மூங்கில் தட்டி வீட்டில் மாமாவோடு இருந்தாள். ஏன் உட்காரவில்லை என்று கேட்டால் இடுப்பு வலி என்பாள். பெண்கள் யாரிடமும் காட்டாத இடத்தில் ஒரு புண், மாதக்கணக்கில் ஆறாமல் தடித்துக்கொண்டே போவது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

சுரங்கக் கம்பெனியின் கேம்ப் டாக்டர் அதைப் பார்க்கக்கூட இல்லை. திரைக்கு வெளியே நின்று இரண்டொரு கேள்வி கேட்டார். ஆண்களிடமிருந்து தொற்றும் கெட்ட நோய் என்று வரிசையில் நின்றவர்கள் காதில் விழச் சொல்லி, பாதரச மருந்து கொடுத்தார். ஷிஃப்ட் முடிந்து வந்த மாமா அவளுடைய பாயையும் புடவைகளையும் தெருவில் எறிந்தார்.

"எவன்கிட்ட வாங்கினியோ, அவன்கிட்டயே போ."

அத்தை புடவைகளைப் பொறுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அந்த மருந்தில் வாய் வெந்தது, பல் ஆடியது. புண் மட்டும் வளர்ந்தது. அப்பா அவளையும் துணைக்கு என்னையும் ரயிலேற்றி, வட ஆற்காட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த பெண் டாக்டர் விளக்கைக் கிட்டே வைத்து நெடுநேரம் பார்த்தார். துளி சதை எடுத்து, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துச் சோதித்தார். புற்று என்றார். அந்த இடத்தில் அபூர்வமாகத்தான் வரும், யாரிடமிருந்தும் ஒட்டியதில்லை என்றார்.

"அப்போ எம்மேல தப்பு இல்லியாம்மா?"

இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அத்தை அழுதாள். மயக்க மருந்து கொடுத்து அறுத்தெடுத்தார்கள். மறுபடி வரலாம் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை.

ஊர் திரும்பியதும், பெண்கள் கூட்டம் நிறைந்த நேரமாகப் பார்த்து கேம்ப் டாக்டரிடம் போனாள். "நீங்க சொன்ன நோயி எனக்கு இல்லீங்க. புத்து. அறுத்தாச்சு. அன்னிக்கு மாதிரியே எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க" என்றாள். அவர் அவளை வெளியே தள்ளச் சொன்னார். அதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரியவர்களோடு அழைக்க வந்த மாமாவை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

பிறகு சுரங்கத்தில் பாறை சரிந்து மாமாவின் இடுப்பு நொறுங்கியது. படுக்கைப் புண்ணில் சீழ் வைத்து, பக்கத்தில் போக ஆளில்லாமல் கிடந்தார். அம்மா கெஞ்சியதால் அத்தை ஒரே ஒருமுறை போனாள். வாசற்படி தாண்டவில்லை.

"இது யார்கிட்ட வாங்கின நோவு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

அவர் செத்த அன்று தலை குளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, பாடை போகும் வழியில் நின்றாள். பாவி என்று பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் போய்ச் சேர்ந்த வயதை நான் தாண்டிவிட்டேன். இன்னும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தப் பூவைத் தொடுத்துக் கொடுத்தவள் நான்.