செவலையின் தொண்டையில் கொய்யாக்காய்

எங்கள் ஆயக்குடிப் பக்கத்தில் ஒரு மாடு எச்சில் ஒழுக, தண்ணீர் குடிக்க முடியாமல் நின்றால் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். தோப்பில் உதிர்ந்து கிடந்த கொய்யாக்காயை முழுசாக விழுங்கிவிட்டது என்பார்கள். வாயைப் பிளந்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்துப் போடுவார்கள். அப்பா அதில் கெட்டிக்காரர். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆகவே எங்கள் செவலைப் பசு எச்சில் வடித்து, அடித்தொண்டையில் ஓயாமல் கத்தத் தொடங்கிய காலையில் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை விட்டார். ஒன்றும் அகப்படவில்லை. மறுபடியும் விட்டார். கொம்பை நான்தான் பிடிப்பேன் என்று அடம்பிடித்து, அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு தள்ளி நின்றேன்.

கால்நடை மருந்தகத்திலிருந்து வந்த டாக்டர் மாட்டை நெருங்கவே இல்லை. தூர நின்று பார்த்துவிட்டு, "நாய் கீய் கடிச்சுதுங்களா?" என்று கேட்டார்.

எப்போதோ ஒரு தெருநாய் செவலையின் மூக்கில் கடித்ததும், அம்மா மஞ்சள் வைத்ததும் அப்போதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தன. வெறிநோய் என்றார் டாக்டர். இனி மாட்டுக்கு மருந்து கிடையாதாம். அப்பாவுக்குத்தான் வேண்டுமாம். கொய்யாக் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி கிழித்த காயம் ஆறாத கையையல்லவா வாய்க்குள் விட்டிருக்கிறார்! உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம். டாக்டரின் மருந்துப் பையைப் பறித்து நெஞ்சோடு கட்டிக்கொண்டேன்.

"செவலைக்கு ஊசி போட்டாத்தான் குடுப்பேன்!"

"கண்ணு, சொன்னாக் கேளு. குடுத்துரு சாமி" என்றார் அப்பா.

"மாட்டேன். அதுக்குத்தானே சீக்கு? உங்களுக்கு எதுக்கு ஊசி?"

அம்மா காதைத் திருகித்தான் பையை வாங்க முடிந்தது. செவலை மறுநாளே செத்துப்போனது. ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். செவலைக்குப் போடாத ஊசியைத் தான் மட்டும் போட்டுக்கொண்ட அப்பாவோடு இனிமேல் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்பாவும் முறைத்துக்கொண்டார் போலிருந்தது. முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்த நாளிலிருந்து வீட்டுப்படி ஏறவில்லை. தோப்பு மோட்டார் ரூமில் படுக்கை. சோற்றை அம்மா அதன் வாசலில் வைத்துவிட்டு வருவாள். நான் எட்டிப் பார்த்தால், "கிட்ட வராத, போ!" என்று கத்துவார். போங்களேன், யாருக்கு வேண்டும் உங்கள் பேச்சு? வேண்டுமென்றே அந்த வழியாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அந்தத் திமிர் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.

ஊசியைத் தவறாமல் போட்டால் பயமில்லை என்று டாக்டர் சொன்னதை அப்பா நம்பவில்லை. வெறி வந்து, தன்னை மறந்து பிள்ளையைக் கடித்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மாவிடம் அழுதிருக்கிறார். பொழுது சாய்ந்ததும் தன்னை உள்ளே வைத்து வெளியிலிருந்து பூட்டச் சொன்னவரும் அவர்தான். இதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அம்மா கதவை இழுத்துப் பூட்டுகிறாள் என்பதுதான். என் பக்கம் நின்று அப்பாவைத் தண்டிக்கிறாள் என்று நினைத்துக் குதூகலித்தேன். ஒரு சாயங்காலம் நானே முந்திக்கொண்டு ஓடி, பூட்டை மாட்டி அழுத்தினேன்.

"நல்லாப் பூட்டிட்டியா கண்ணு?" உள்ளேயிருந்து அப்பா கேட்டார். "ஒருவாட்டி இழுத்துப் பாரு."

இழுத்துப் பார்த்தேன். "நல்லாப் பூட்டிட்டேன்!" என்று கத்தினேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.