நீதிமன்றத்துக்காக நான் எடுத்த வீடியோ

2004ஆம் ஆண்டு. ஒஸ்லோவில் கிழமை நாட்களில் ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாணம், சாமத்தியம் எனும் பூப்புச் சடங்கு வீடுகளுக்கு வீடியோ எடுப்பது என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நகரின் பியோர்ண்டால் பகுதியில் இருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய கணவர் ஒரு விருந்தில் வாய்த்தர்க்கம் முற்றி, கூட வேலை செய்தவரைப் போத்தலால் அடித்துவிட்டார். அடிபட்டவருக்கு ஒரு கண் போய்விட்டது. கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தீர்ப்பு வரும்வரை விளக்கமறியல் சிறையில் இருந்தார். எவ்வளவு காலத் தண்டனை என்பது மட்டும்தான் மிச்சம்.

“அண்ணை, அவர் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு நீதவானுக்குக் காட்ட ஒரு வீடியோ எடுத்துத் தருவீங்களோ? லோயர் கேட்டுப் பாத்தவர், கோட்டிலை போடலாமாம்.”

எனக்குத் தெரிந்த விதத்தில், பாட்டும் பூ விழுகிற காட்சியுமாக எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, “இது கலியாணக் கசெற் மாதிரி இருக்கு அண்ணை. அவர் இல்லாத வீடு இப்பிடி இல்லை” என்றார். வெட்கமாகிவிட்டது. மறுபடி போய், கமராவை ஒரு மூலையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அந்தப் பெண் சமைத்தார், துணி மடித்தார். அவர்களுடைய சின்ன மகள் தத்தித் தத்தி வாசலுக்கு நடந்துபோய், அப்பாவின் சப்பாத்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைக் கடைசிக் காட்சியாக வைத்தேன்.

பிள்ளையை மறியலுக்குக் கூட்டி வரவேண்டாம் என்று கணவர் சொல்லியிருந்தாராம். கடைசியாக அவர் பார்த்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். நீதிமன்றத்தில் திரையில் அவள் எழுந்து நடந்ததும், அவர் கதிரையை விட்டு அரைவாசி எழும்பி, “ஐயோ, நடக்கிறாள்!” என்றார். மொழிபெயர்ப்பாளர் அதையும் நோர்வே மொழியில் சொன்னார். பின்வரிசையில் இருந்த எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

வெளியே வந்தபோது அடிபட்டவர் என்னை நோக்கி வந்தார். அவருடன் துணைக்கு ஒருவரும் இல்லை. ஏசப் போகிறார் என்று பயந்தேன்.

“நல்லா எடுத்திருக்கிறீங்கள். எனக்கும் ஒண்டு எடுத்துத் தருவீங்களோ? மனுசி யாழ்ப்பாணத்திலை. விசாவுக்குப் போட்டு மூண்டு வருசம், இன்னும் வரேல்லை. கண் போனது அவவுக்குத் தெரியாது. போனிலை சொல்ல வாய் வருகுதில்லை.”

இத்தனை வாரமும் இவரைப் பற்றி ஒருவரிடமும் நான் விசாரித்ததில்லை.

அடுத்த ஞாயிறு ட்வெய்ட்டாவில் அவருடைய அறைக்குப் போனேன். போன கண் தெரியாதபடி பக்கவாட்டில் நின்று எடுத்தேன். அறையைக் காட்டினார், மனைவி வந்தால் கட்டிலை ஜன்னலோரம் போடலாம் என்றார். பிறகு தானாகவே முழு முகத்தையும் கமராவுக்குத் திருப்பினார்.

“நீ வந்து இறங்கேக்கை என்னைப் பாத்துப் பயப்பிடக்கூடாது. அதான் இப்பவே காட்டுறன்.”

ஊருக்குப் போன ஒருவரிடம் அந்த சீடியைக் கொடுத்தனுப்பினோம். பியோர்ண்டால்காரருக்குத் தண்டனை கொஞ்சம் குறைந்தது. வீடியோவாலா, ஒப்புக்கொண்டதாலா, தெரியாது. ஒரு மாதம் கழித்து, அடிபட்டவர் என்னைப் போனில் அழைத்தார். மனைவி பார்த்துவிட்டாராம்.

“கண்ணைப் பற்றி ஒரு சொல் கேக்கேல்லை அண்ணை. ஏன் இப்பிடி மெலிஞ்சு போனீங்கள் எண்டுதான் கேட்டவ” என்றார்.

இப்போதும் எங்கே கமராவைத் தூக்கினாலும், யாரையாவது மறந்துவிட்டேனோ என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.