அத்தை நோண்டி எடுத்த முந்திரி

என் அத்தை கேக் கடைக்காரி. மாமா நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருக்க, அடுப்பு வெக்கையில் வெந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். அதனால் சாப்பாட்டு விஷயத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்பது அவருடைய தீர்மானம்.

அக்கா மகளுக்கு முந்திரி ஆகாது. போன வருடம் அத்தை வீட்டு விடுமுறை விருந்தில் ஒரு கடி கடித்துவிட்டு, தொண்டை வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அத்தை கூடவே இருந்து பார்த்தவர்தான். நான் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு இந்த வருட விருந்துக்கு வந்தால், மேசை நடுவே முந்திரி பதித்த கேக்!

"பாப்பாவுக்குத் தனியா செய்றேன்னீங்களே அத்தை?" என்றாள் அக்கா.

"அதுக்கென்னடி இப்போ?" அத்தை ஒரு துண்டைத் தட்டில் எடுத்து வைத்து, மேலிருந்த முந்திரிகளை நகத்தால் நோண்டித் தன் வாயில் போட்டுக்கொண்டார். "இந்தா. இப்ப இதுல முந்திரி எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

"எங்க காலத்துல இந்த வியாதியெல்லாம் ஏது? பொத்திப் பொத்தி வளக்குறாங்க," என்று மாமா தாளம் போட்டார்.

குழந்தை கையை நீட்டிவிட்டாள். அக்கா தட்டைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள்.

"என் கையால செஞ்சதைக் குப்பையிலயா போடுற?" அத்தைக்குக் குரல் உடைந்தது. போன வருடம் குழந்தைக்கு மூச்சுத் திணறியபோதுகூட அவர் அழவில்லையாம்.

"அந்தக் கையைக் கழுவிட்டு வாங்க. அப்புறம் பாப்பாவைத் தொடுங்க."

அத்தை எழுந்திருக்கவே இல்லை. அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். நானும் செருப்பை மாட்டினேன்.

"கேக்குக்குப் பயந்து ஓடுதுங்க பாரு," என்று உள்ளே மாமா சிரித்தார். "எனக்கு இன்னொரு துண்டு வெட்டு."