ஏழாவது இடம்

என் அப்பா பிடிவாதக்காரர். நான் அவர் மகள். அதனால் அந்த நவம்பரில் எங்கள் வாடகை வீட்டில் ஒரு வாரமாகச் சமையலைவிடச் சண்டைதான் அதிகம் நடந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் அப்பா காயப்பட்டவர்களைத் தூக்கும் பிரிவில் இருந்தவர். திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது ஸ்ட்ரெச்சரும் கையுமாக ஓடினார். அப்போது வயது பத்தொன்பது. வருடா வருடம் நவம்பரில் மாத்தளையின் பழைய சிப்பாய்கள் பன்னிரண்டு பேர் மைதானத்தில் அணிவகுத்து, செத்துப்போன தோழர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தி, கடைத்தெரு வழியாக நடந்து போவார்கள். அப்பா ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் தமிழர் வீடுகளோடு எங்கள் வீட்டையும் எரித்தார்கள். அணிவகுப்புக்கு அவர் போடும் கோட்டும் பதக்கங்களும் வீட்டோடு போயின.

"வீடு எரியுறப்ப வேடிக்கை பார்த்த தெருவுல நான் மார்ச் பண்ண மாட்டேன்" என்று அந்த வருட நவம்பரில் சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரித்தவன் தெருவில் நடக்கிறான், இவர் ஏன் வீட்டுக்குள் இருக்க வேண்டும்? யுத்தத்தில் லொறி ஓட்டிய முஸ்லிம் கடை முதலாளி ஒருவர் அப்பாவின் பழைய தோழர். அவரிடம் போய் ஒரு கோட் இரவல் வாங்கி வந்தேன். அதற்குள் இரண்டு அப்பாக்களைப் போடலாம். அப்பா அதைத் தொடக்கூட இல்லை.

"அடுத்தவன் கோட்டுல எனக்கென்ன மரியாத?"

"அப்ப வீட்டுலயே இருங்க. நான் போறேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

மைதானத்தில் முன்வரிசையில் இடம் பிடித்தேன். பதினொரு பேர் வந்து நின்றார்கள். ஆறாவதாக நின்ற கடை முதலாளிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. பொறுப்பாக நின்ற சிங்களப் பெரியவர் நெருங்கி நிற்கச் சொன்னார். முதலாளி அசையவில்லை. செத்தவன் இடத்தைத்தான் மூடுவது வழக்கம், இந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். பெரியவர் அந்த இடைவெளியை ஒருமுறை பார்த்தார். பிறகு எண்ணும்படி உத்தரவிட்டார்.

எண்ணுவது பட்டாளத்து இங்கிலீஷில். வன், டூ என்று வரிசையாக வந்து முதலாளி "சிக்ஸ்" என்றார். அப்புறம் சத்தமே இல்லை. ஏழு வராமல் எட்டாமவர் வாய் திறக்க மாட்டார். நானே கத்தித் தொலைத்துவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"செவன்."

குரல் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. சாரமும் அரைக்கைச் சட்டையுமாக, கையில் பாணோடு அப்பா நின்றார். பாண் வாங்க வந்தாராம். வீட்டுக்கு எதிரே இருக்கிற பேக்கரியை விட்டுவிட்டு அரை மைல் தாண்டிப் பாண் வாங்க வந்தவரை நான் அன்றுதான் பார்த்தேன். கூட்டம் வழிவிட்டது. போகிற போக்கில் பாணை என் கையில் திணித்துவிட்டு, இடைவெளியில் போய் விறைப்பாக நின்றார். அடுத்த நொடியே "எய்ட்" என்று வெடித்தது.

இரண்டு நிமிட மௌனம். பாண் இன்னும் சூடாக இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காயப்பட்டவன் எந்த ஊர், என்ன மொழி என்று கேட்காமல் பத்தொன்பது வயதில் உயிரைக் கொடுக்கத் துணிந்த மனிதர். அவர் பக்கத்தில் அதே துணிச்சலோடு கிழவர்களாகிவிட்ட பதினொரு பேர். எனக்குத் தாங்க முடியாத பெருமை.

நடை தொடங்கியது. கடைத்தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பா மட்டும் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, எங்கே யார் பார்க்கிறார்களோ என்று கூசி நடந்தார். நான் ஓரமாகப் பாணோடு கூடவே ஓடினேன். ஜூலைக்குப் பிறகு அந்தத் தெருவில் நாங்கள் தமிழில் வாய் திறந்ததில்லை. உப்புக் கேட்பதும் சிங்களத்தில்தான். அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றால் சட்டையைப் பிடித்து இழுப்பேன்.

அன்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"அப்பா, கைய நல்லா வீசி நடங்க."

அவர் திரும்பவில்லை. அணியில் போகிறவர் திரும்பக் கூடாது. கை மட்டும் தோள் உயரத்துக்கு எழுந்தது.